பைக்கற்றின் பின்பக்கம் சொல்வது என்ன?

நெல் கொம்பறையிலும், முருங்கை வேலியிலும், கோழி முற்றத்திலும் இருந்த காலத்தில், உண்ணும் உணவைப் பற்றி விபரம் எழுதிய தாள் எதுவும் எமது கமக்காரக் குடும்பங்களுக்குத் தேவைப்படவில்லை. எந்த வயலின் நெல், எப்போது அவித்தது, எந்த மாட்டின் பால் என்பதெல்லாம் வீட்டிலுள்ள சிறுபிள்ளைக்கும் தெரிந்திருந்தது. இடப்பெயர்வு அதை மாற்றிவிட்டது. நலன்புரி நிலையங்களில் ஆண்டுக்கணக்கில் இருந்தவர்களுக்கு உணவு என்பது நிறுத்துக் கொடுக்கப்படும் பொருளாயிற்று. மீளக்குடியேறியவர்களிலும் பலர், காணி பற்றையாய்க் கிடக்க, கிணறு தூர்ந்து கிடக்க, கடையில் வாங்கியே உலை வைக்கின்றனர். நிலத்திலிருந்து வந்த உணவு பைக்கற்றில் வரத் தொடங்கியதோடு, அதைப் பற்றி எமக்குச் சொல்ல எஞ்சியிருப்பது பைக்கற்றின் பின்பக்கத்திலுள்ள பொடி எழுத்து மட்டுமே.

“அண்ணை, இது பிள்ளைக்குச் சத்தோ?”

“ஓம் தங்கச்சி, விற்றமின் எல்லாம் போட்டிருக்கு எண்டு எழுதிக்கிடக்கு.”

இந்தப் பேச்சு நடவாத சங்கக்கடை இல்லை. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பைக்கற்றும் பொய் சொல்லவில்லை. ஆயினும் அந்தத் தாய்க்கு வேண்டிய விடை கிடைக்கவில்லை. அவர் கேட்டது தமது பிள்ளையைப் பற்றி. பைக்கற்று பேசுவதோ யாரோ ஒரு ‘சராசரி’ மனிதரைப் பற்றி. கிளினிக் சுவரில் தொங்கும் போசாக்கு அட்டவணைக்கும், நிவாரண அட்டையிலுள்ள கிராம் கணக்குக்கும் இது பொருந்தும். இந்த எண்கள் யாருக்காக, எதை நினைத்து எழுதப்பட்டன என்று தெரிந்தால்தான் அவற்றை எமது அடுப்படிக்குக் கொண்டுவர முடியும்.

எண்கள் பிறந்த கதை

ஒருவர் நாளொன்றுக்கு இவ்வளவு புரதம், இவ்வளவு இரும்புச்சத்து, இவ்வளவு விற்றமின் உண்ண வேண்டும் என்று சொல்லும் அட்டவணைகளுள் மிகவும் பெயர்பெற்றது யுத்தகாலத்தில் பிறந்தது. 1940 இல் இரண்டாம் உலக யுத்தத்துக்குத் தன்னைத் தயார்ப்படுத்திக்கொண்டிருந்த அமெரிக்கா, படைவீரருக்கும் பொதுமக்களுக்கும் எவ்வளவு உணவு வேண்டும் என்று திட்டமிட ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. லிடியா ரொபேர்ட்ஸ் என்ற பெண் அறிஞர் அதில் முன்னின்றார். அட்டவணை 1943 இல் நூலாக அச்சேறியது. பின்னர் பல நாடுகள் தத்தமக்கு அட்டவணை செய்துகொண்டன. இலங்கையில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் 2007 இல் வெளியிட்ட அட்டவணை அவ்வகையில் ஒன்று.

இதில் கவனிக்க வேண்டியது, இவை கூட்டமாக உள்ள மக்களுக்கு உணவு திட்டமிடுவோருக்கென ஆக்கப்பட்டவை என்பதாகும். 100 பெண்களை எடுத்துக்கொள்வோம். அவர்களின் உடல் ஒரேமாதிரி இல்லை. ஒருவருக்குக் குறைந்த அளவு போதும். இன்னொருவருக்குக் கூடுதலாக வேண்டும். சராசரித் தேவையை எழுதினால் அவர்களில் பாதிப் பேருக்கு அது போதாது. எனவே அறிஞர்கள் அந்த எண்ணை உயர்த்தி, 100 பேரில் 97 அல்லது 98 பேருக்குப் போதுமானதாக வைத்தனர். அதாவது அட்டவணையில் உள்ள எண் எம்மில் பெரும்பாலானோரின் உண்மைத் தேவையை விடச் சற்றுக் கூடியது. ஒரு நாள் அதற்குக் குறைவாக உண்டால் நோய் வந்துவிடும் என்று பயப்படுவது தேவையற்றது. பரீட்சையில் சித்தியடையும் புள்ளியைப் போல அதைப் பார்க்க வேண்டாம். பல நாட்களின் உணவைச் சேர்த்துப் பார்ப்பதே முறை.

சக்திக்கு, அதாவது கலோரிக்கு, இந்த வழி பின்பற்றப்படுவதில்லை. விற்றமின் சி சற்றுக் கூடினால் சிறுநீரோடு போய்விடும். சக்தி கூடினால் உடம்பில் கொழுப்பாய்த் தங்கும். ஆகவே கலோரி எண் சராசரியாகவே வைக்கப்படுகிறது. மண்வெட்டி பிடிக்கிறவருக்கு அது போதாது. நாள் முழுவதும் நாற்காலியில் இருப்பவருக்கு அது கூடிப்போகும்.

இவை கல்வெட்டில் பொறித்த எண்களுமல்ல. கீரையிலும் மஞ்சட் பூசணியிலும் உள்ள கரோட்டீன் எமது உடலில் விற்றமின் ஏ ஆக மாறுகிறது. 6 பங்கு கரோட்டீன் 1 பங்கு விற்றமின் ஏ ஆகும் என்று நெடுங்காலம் கணக்கிட்டனர். 2001 இல் அமெரிக்க அட்டவணையைத் திருத்தியோர் அதை 12 பங்கு என்று மாற்றினர். ஒரே கீரை, ஒரே சட்டி. தாளில் மட்டும் அதன் பெறுமதி பாதியாயிற்று. கீரையை விட்டுவிட வேண்டும் என்பது இதன் பொருளன்று. இன்னும் ஒரு பிடி கூட வேண்டும், சிறிது தேங்காயோ எண்ணெயோ சேர்க்க வேண்டும் என்பதே. கொழுப்பில்லாமல் அந்தச் சத்து உடம்பில் சேராது. வெறுந்தண்ணீரில் அவித்த கீரையை விடத் தேங்காய்ப்பூப் போட்ட சுண்டல் மேலானது என்று எமது ஆச்சிமார் செய்துவந்ததற்கு இப்படியும் ஒரு நியாயம் உண்டு.

2,100 என்ற எண்

நிவாரணம் பெற்ற ஒவ்வொரு குடும்பத்தையும் தொட்ட எண் இது. உலக உணவுத் திட்டமும் அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஸ்தானிகராலயமும் 1997 இல், நிவாரண உணவைத் திட்டமிட ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 2,100 கிலோ கலோரி என்று வைத்துக்கொண்டன. அதற்கு முன் 1,900 என்ற எண் வழக்கில் இருந்தது. 2,100 என்பது பச்சைக் குழந்தை, பள்ளிப் பிள்ளை, கர்ப்பிணி, கிழவர் அனைவரையும் கூட்டிப் பிரித்த சராசரி. அதுவும் இலேசான வேலை செய்வோருக்கு. மூன்று வயதுப் பிள்ளைக்கு ஏறத்தாழ 1,100 போதும். காடு வெட்டித் துப்புரவாக்கும் ஆணுக்கு 3,000 வரை வேண்டும். சிறு பிள்ளைகள் நிறைந்த வீட்டில் மிஞ்சவும், வளர்ந்த ஆண்பிள்ளைகள் நாலுபேர் உள்ள வீட்டில் முடியவும் ஒரே பங்கீடு காரணமாவது இதனாற்றான். “அவர்களுக்குப் போதுகிறதே, உங்களுக்கு ஏன் போதாது?” என்று வரிசையில் நிற்போரைக் கேட்கிற உத்தியோகத்தர்கள் இந்தச் சராசரியை மறந்துவிடுகின்றனர்.

கணக்குக்காக ஓர் உலர் உணவுப் பங்கை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு நாளொன்றுக்கு அரிசி 200 கிராம், கோதுமை மா 200 கிராம், பருப்பு 60 கிராம், எண்ணெய் 20 கிராம், சீனி 20 கிராம். அரிசியும் மாவும் ஒவ்வொன்றும் 700 கிலோ கலோரி அளவில் தரும். பருப்பு 200 க்குச் சற்று மேல், எண்ணெய் 175 வரை, சீனி 80. கூட்டினால் 1,860 அளவில் வரும். புரதமும் 50 கிராம் அளவில் உண்டு. சக்தியில் குறை 240. ஒரு நடுத்தரத் தேங்காயின் காற்பங்கு ஏறக்குறைய அதை நிரப்பிவிடும்.

இனி இல்லாததைப் பார்ப்போம். இந்தப் பங்கில் விற்றமின் சி இல்லை. எண்ணெய்க்குச் சேர்த்துக் கொடுத்தாலன்றி விற்றமின் ஏ இல்லை. கல்சியம் மிகக் குறைவு. உள்ள இரும்புச்சத்தும் உடம்பில் எளிதில் சேராத வகை. வயிறு நிறையும், ஆனால் பிள்ளையின் வாய் ஓரம் வெடிக்கும், தாயின் முகம் வெளிறும். ஆகவே கையில் ஐம்பதோ நூறோ ரூபா வரும்போது இன்னும் கொஞ்சம் மாவோ சீனியோ வாங்குவது, உள்ளதையே மறுபடி வாங்குவதாகும். ஒரு கட்டுக் கீரை, நாலு தேசிக்காய், ஒரு பிடி நெத்தலிக் கருவாடு, ஒரு முட்டை. பங்கில் இல்லாதவை இவைதான்.

மாவில் ஒரு பகுதியை விற்று மீன் வாங்கிய குடும்பங்களைக் குற்றவாளிகளைப் போல் விசாரித்த நிகழ்வுகள் உண்டு. எம்மைக் கேட்டால், மா அதிகமாகவும் மீன் இல்லாமலும் உள்ள வீட்டில் அந்தத் தாய் செய்த கணக்கு, பங்கீட்டுத் தாளை எழுதியவரின் கணக்கை விடச் சில வேளைகளில் சரியானது. விற்ற காசு சாராயத்துக்குப் போனால் அது வேறு கதை.

அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை. ‘பெரிபெரி’ என்று உலகம் முழுவதும் வழங்கும் நோயின் பெயர் சிங்கள மொழியிலிருந்து போனதென்பர். கால் வலுவிழந்து, நெஞ்சு வீங்கிச் சாகடிக்கும் நோய் அது. 1890 களில் யாவாவில் எய்க்மன் என்ற ஒல்லாந்த மருத்துவர், தீட்டிய வெள்ளையரிசி தின்ற கோழிகளுக்கு அதுபோன்ற நோய் வருவதையும், தவிட்டோடு கூடிய அரிசி கொடுத்தால் மாறுவதையும் கண்டார். அவருக்கு 1929 இல் நோபல் பரிசு கிடைத்தது. தவிட்டிலுள்ள அந்தச் சத்தே தயமின் என்ற விற்றமின் பி1. நெல்லை அவிக்கும்போது அதில் ஒரு பகுதி அரிசிமணிக்குள் இறங்கிவிடுவதால், புழுங்கலரிசி குற்றிய பின்னும் பச்சையரிசியை விட அதைக் கூடுதலாக வைத்திருக்கிறது. அரிசிச் சாக்கில் இந்த விபரம் எதுவும் எழுதப்படுவதில்லை. தெரிவு செய்ய இடமிருந்தால் சிவப்புக் குத்தரிசி, இல்லையேல் புழுங்கல் என்று கேட்டு வாங்கலாம். ஏழு தண்ணீரில் கழுவி, கஞ்சியையும் வடித்து ஊற்றினால் எஞ்சியதும் போய்விடும்.

ஒரே பெண்ணுக்கு நான்கு எண்கள்

எமது கிராமங்களில் மிகப் பரவலாகக் காணும் குறை குருதிச்சோகை. களைப்பு, மூச்சு வாங்கல், தலைச்சுற்று என்று பெண்கள் இதைச் சொல்வார்கள். பலர் சொல்லாமலே வேலை செய்வார்கள். இரும்புச்சத்துக் குறைவு இதற்கு ஒரு பெருங்காரணம்.

அமெரிக்க அட்டவணையின்படி, வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 8 மில்லிகிராம் இரும்பு போதும். மாதவிடாய் வரும் வயதிலுள்ள பெண்ணுக்கு 18, கர்ப்பிணிக்கு 27. இவ்வெண்களை எமது உணவுப் பாயோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வீட்டில் முதலில் உண்பவர் யார்? மீன் தலையும் நடுத்துண்டும் யாருக்குப் போகின்றன? சட்டியில் ஒட்டிய குழம்பைச் சோற்றில் பிரட்டிக் கடைசியாக உண்பவர் யார்? வயலில் வேலை செய்பவருக்குச் சோறு கூட வேண்டும் என்பதில் தவறில்லை. அது சக்திக் கணக்கு. இரும்புக் கணக்கிலோ அவருடைய மனைவிக்கு அவரைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும், வயிற்றில் பிள்ளை இருந்தால் மூன்று மடங்குக்கு மேல். சோற்றை ஆணுக்குக் கூட்டிப் போடட்டும். கறியைப் பெண்ணுக்குக் குறைத்துப் போட எந்த அட்டவணையும் சொல்லவில்லை. இதை நாம் கூட்டங்களில் சொல்லும்போது ஆண்கள் சிரிப்பார்கள், பெண்கள் தரையைப் பார்ப்பார்கள்.

உலக சுகாதார ஸ்தாபனமும் உணவு விவசாய ஸ்தாபனமும் 2004 இல் வெளியிட்ட அட்டவணை இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அது பெண்ணுக்கு ஓர் எண்ணைக் கொடுக்காமல் நான்கு எண்களைக் கொடுக்கிறது: 19.6, 24.5, 29.4, 58.8 மில்லிகிராம். எது சரி? நான்கும் சரி. உணவிலுள்ள இரும்பில் நூற்றுக்கு 15 பங்கு உடம்பில் சேர்ந்தால் 19.6 போதும், 12 பங்கு சேர்ந்தால் 24.5, 10 பங்கானால் 29.4, வெறும் 5 பங்கே சேருமானால் 58.8 வேண்டும். இறைச்சி, மீன், பழம் தாராளமாக உண்பவர் முதலாம் எண்ணில் இருக்கிறார். சோறும் பருப்புமாக உண்டு, மேலே ஒரு கோப்பை சாயத்தேநீரும் குடிப்பவர் கடைசி இரண்டு எண்களுக்குள் வந்துவிடுகிறார். ஒரே பெண், தேவை மூன்று மடங்காகிறது.

58.8 மில்லிகிராம் இரும்பைச் சாதாரணச் சாப்பாட்டில் பெறுவது நடைமுறையில் இயலாது. ஆனால் கடைசி எண்ணிலிருந்து முதல் எண்ணை நோக்கி நகரலாம். அதற்குச் செலவு மிகக் குறைவு. முதலாவது, தேநீரைச் சாப்பாட்டோடு குடியாமல் ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடிப்பது. தேயிலைச் சாயம் கீரை, பருப்பு, அரிசி ஆகியவற்றின் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. உடம்பில் சேருவது பாதிக்கும் கீழே போய்விடலாம். சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் தேத்தண்ணீர்க் கோப்பை இருப்பது எமது வீடுகளில் அவ்வளவு வழக்கம் என்பதால், இதைவிடப் பயன்தரும் மாற்றம் வேறொன்றை எம்மால் சொல்ல முடியாது. இரண்டாவது, விற்றமின் சி. கீரைக்கறியை அடுப்பிலிருந்து இறக்கிய பின் தேசிக்காய்ப் புளி விடுங்கள். கொதிக்கும்போது விட்டால் அந்த விற்றமின் அழியும். கொய்யா, நெல்லி, பப்பாளி எது கிடைத்தாலும் சாப்பாட்டோடு ஒரு துண்டு. மூன்றாவது, சிறிதளவு மீன் அல்லது கருவாடு. அதிலுள்ள இரும்பு எளிதில் சேரும். கூட உண்ணும் கீரையின் இரும்பையும் சேர்த்துவிடும்.

கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரைக்கும் இதுவே முறை. தேநீரோடு விழுங்கினால் அதன் பயன் குறையும். கல்சியம் மாத்திரையோடு ஒரே வேளையில் சேர்த்துப் போடாமல், எதை எப்போது போடுவதென்று குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயந்து மாத்திரையைக் கூரைக்குள் செருகி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது இரும்பின் நிறமே.

பைக்கற்றைப் புரட்டுவோம்

முன்பக்கம் விளம்பரம், பின்பக்கமே விபரம். முதலில் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். நிறையில் கூடியது முதலிலும் குறைந்தது கடைசியிலும் எழுதப்பட வேண்டும் என்பது விதி. ‘சூப் கட்டி’ என்று வாங்குவதில் முதற்சொல் உப்பு என்றிருந்தால், நீங்கள் வாங்குவது நிறம் போட்ட உப்பு. சீனி பல பெயர்களில் வரும்: குளுக்கோஸ் பாகு, டெக்ஸ்ரோஸ், பிறக்ரோஸ், சுக்குறோஸ். ஒவ்வொன்றும் சிறிதாகப் பிரிந்து பட்டியலின் நடுவில் கிடக்கும். சேர்த்துப் பார்த்தால் முதலிடத்துக்கு வந்துவிடும்.

அடுத்து, எண்கள் எந்த அளவுக்கு எழுதப்பட்டுள்ளன என்று பார்க்க வேண்டும். சிலவற்றில் 100 கிராமுக்கு, சிலவற்றில் ‘ஒரு பரிமாறலுக்கு’. இரண்டு பிஸ்கற்றுக்குரிய சீனியை எழுதிவிட்டு, முழுப் பைக்கற்றையும் பிள்ளை தின்னும் என்பதை அவர்கள் எழுதமாட்டார்கள். இரண்டு பொருட்களை ஒப்பிடுவதாயின் 100 கிராம் கணக்கையே எடுங்கள். பிஸ்கற் 100 கிராமில் புரதம் 7 கிராம் அளவில் இருக்கும்; பயறு 100 கிராமில் 24 கிராம் அளவில். கடையில் இரண்டின் விலையையும் கேட்டு, ஒரு கிராம் புரதம் என்ன விலைக்கு விழுகிறது என்று பிள்ளைகளைக் கொண்டு கணக்குப் பார்க்க வையுங்கள். பள்ளிக்கூடத்தில் செய்யும் கணக்கை விட இதை அவர்கள் விருப்பத்தோடு செய்வதைக் கண்டிருக்கிறோம்.

இனி அந்த ‘வீதம்’. ‘இரும்புச்சத்து 50 வீதம்’ என்று போட்டிருந்தால், எதன் 50 வீதம்? சர்வதேச உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு லேபல்களுக்காக இரும்புக்கு இரண்டு எண்களை வைத்திருக்கிறது: 15 வீதம் உடம்பில் சேரும் உணவானால் 14 மில்லிகிராம், 10 வீதமானால் 22. பைக்கற்றுக்காரர் 14 ஐ எடுத்திருந்தால், அவர் சொல்லும் 50 வீதம் 7 மில்லிகிராம். மேலே சொன்ன 29.4 தேவைப்படும் பெண்ணுக்கு அது காற்பங்குக்கும் குறைவு. எண் பொய்யன்று, அது அவருக்கென எழுதப்படவில்லை. அவ்வாறே ‘2,000 கிலோ கலோரி அடிப்படையில்’ என்று அடியில் எழுதியிருப்பது வளர்ந்த ஒருவருக்குரியது. மூன்று வயதுப் பிள்ளைக்கு வாங்கும் பொருளில் அந்த வீதத்தைப் பார்த்துப் பயனில்லை. கிராம் எண்ணைப் பாருங்கள்.

இனிப்புப் பானங்களுக்கு இலங்கையில் 2016 ஆகஸ்ற் முதல் நிற அடையாளம் உண்டு. 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமுக்கு மேலானால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2 க்குக் கீழ் பச்சை. 2019 இல் திண்ம உணவுகளுக்கும், உப்பு கொழுப்பு ஆகியவற்றுக்கும் சேர்த்து ஒழுங்குவிதி வந்தது. எழுத வாசிக்கத் தெரியாத ஆச்சிக்கும் பயன்படும் நல்ல ஏற்பாடு இது. ஆயினும் செம்மஞ்சளை நம்பிவிட வேண்டாம். 3 கிராம் உள்ளதும் செம்மஞ்சள், 10 கிராம் உள்ளதும் செம்மஞ்சள். 10 கிராம் உள்ள சோடா 400 மில்லிலீற்றர்ப் போத்தலில் 40 கிராம் சீனி, எட்டுத் தேக்கரண்டி. வளர்ந்தவர் ஒரு நாளில் சேர்த்துக்கொள்ளும் சீனி 50 கிராமைத் தாண்டக்கூடாது, 25 க்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2015 ஆம் ஆண்டு அறிவுரை. தேநீருக்குப் போடுவதும் இதற்குள் அடங்கும்.

உப்பு பெரும்பாலும் ‘சோடியம்’ என்று எழுதப்பட்டிருக்கும். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. சோடியம் 1,000 மில்லிகிராம் என்றால் உப்பு 2.5 கிராம், ஒரு நாளுக்குரிய உச்ச அளவான 5 கிராமில் பாதி. உடனடி நூடில்ஸ் பைக்கற்றில் இந்தக் கணக்கைச் செய்து பாருங்கள். கருவாட்டுக்கு லேபல் இல்லை. ஊறவைத்துக் கழுவியே சமைக்க வேண்டும். வாங்கும் உப்பு அயடின் சேர்த்ததாக இருக்கட்டும்; 1995 முதல் இந்நாட்டில் அது கட்டாயம். மூடி வைத்து, சமையலின் கடைசியில் போடுங்கள்.

பால்மா விடயத்தில் பெயரைக் கவனியுங்கள். தேநீரை வெள்ளையாக்கும் மாவுக்குப் பால்மாவைப் போலவே பசு படம் போட்டிருக்கலாம். சேர்மானத்தில் தாவரக் கொழுப்பும் குளுக்கோஸ் பாகும் முன்னே நின்றால் அது பாலன்று. ரின்பாலும் குழந்தைக்கு உரியதன்று. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. இடப்பெயர்வின்போது நன்கொடையாக வரும் குழந்தைப் பால்மாவை அள்ளிக் கொடுப்பது உதவியாகத் தோன்றினாலும், சுத்தமான நீரும் போத்தல் அவிக்க விறகும் இல்லாத இடத்தில் அது வயிற்றோட்டத்தையே கொண்டுவரும். தாய்ப்பாலுக்குப் பதிலானவற்றை விற்கும் முறைகளைக் கட்டுப்படுத்த 1981 இல் உலக சுகாதார மாநாடு ஒரு கோவையை ஏற்றுக்கொண்டதும் இத்தகைய காரணங்களுக்காகவே.

1973 முதல் இந்நாட்டுத் தாய்மாருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் திரிபோஷா கொடுக்கப்பட்டு வந்திருக்கிறது. சோளம், சோயா, பால்மா கலந்தது. 750 கிராம் பைக்கற்று இரண்டு ஒரு மாதத்துக்கு என்றால், நாளுக்கு 50 கிராம் ஒருவருக்கு. ஐந்து பேர் உள்ள வீட்டில் அனைவருக்கும் உருண்டை பிடித்தால் ஆளுக்கு 10 கிராம், யாருக்கும் பயனில்லை. பசியோடு பார்த்துக்கொண்டிருக்கும் மூத்த பிள்ளைக்குக் கொடாமல் தின்னத் தாயின் மனம் இடங்கொடாது என்பது எமக்குத் தெரியும். அதற்குத் தாயைக் கண்டிப்பதை விட, மூத்த பிள்ளைக்கு அவித்த பயறோ கௌபியோ அதே நேரத்தில் வைப்பது நடக்கக்கூடிய வழி.

மில்லிகிராமிலிருந்து சட்டிக்கு

எந்தத் தாயும் மில்லிகிராம் எண்ணிச் சமைக்க முடியாது. இதை அறிஞர்களும் உணர்ந்து, 1995 இல் சைப்பிரசின் நிக்கோசியா நகரில் கூடியபோது, சத்தின் பெயரில் அல்லாமல் உணவின் பெயரிலேயே மக்களுக்கு வழிகாட்ட வேண்டும் என்று சொன்னார்கள். இலங்கைச் சுகாதார அமைச்சின் வழிகாட்டிகளும் (2011 இலும் 2021 இலும் புதிய பதிப்புகள் வந்தன) அவ்வாறே உணவைக் கூட்டங்களாகப் பிரிக்கின்றன: தானியமும் கிழங்கும், மரக்கறியும் கீரையும், பழம், மீன், முட்டை, இறைச்சி, பருப்பு, பால், எண்ணெய்வித்துகள். ஒவ்வொன்றிலும் சிறிதாவது ஒரு நாளைக்குள் வயிற்றுக்குள் போக வேண்டும். மரக்கறியும் பழமுமாக 400 கிராம் என்பது உலக அளவில் சொல்லப்படும் எண். வாங்கி உண்பதானால் எமது குடும்பங்களுக்கு இது மிகக் கடினம். நகரத்துத் தட்டைப் பார்த்து எழுதியது போலிருக்கிறது என்று சிலர் குறை சொல்வதில் நியாயமுண்டு. ஆயின் 400 கிராமில் பாதியைக் காசின்றிப் பெறக்கூடியவர்களும் கமக்காரரே.

நலன்புரி நிலையத்தின் குடிசை ஓரத்திலும் ஒரு முருங்கைத் தடி நிற்கும். குளிக்கும் இடத்துத் தண்ணீர் ஓடும் கானில் பொன்னாங்காணியும் வல்லாரையும் பிடிக்கும். மலசலகூடக் கழிவு கலக்காத இடமாக இருக்க வேண்டும். உரப்பையில் மண் நிரப்பி முளைக்கீரை போட்டால் மூன்று நான்கு வாரத்தில் பிடுங்கலாம். பப்பாளிக்கு ஒரு குழி போதும். ‘இன்றோ நாளையோ ஊருக்குப் போய்விடுவோம், மரம் வைத்து என்ன’ என்று பல ஆண்டுகள் மரம் வைக்காமல் இருந்தவர்கள் உண்டு. முருங்கை முதலாண்டிலேயே இலை தரும். போகும்போது தடியை வெட்டிக்கொண்டு போய் ஊரிலும் நடலாம்.

மாரியில் முருங்கை பழுத்து உதிரும் முன், கோடையில் தழைத்த இலையை உருவிக் கழுவி, வெயிலில் போடாமல் நிழலில் பாய் விரித்து உலர்த்துங்கள். நொறுங்கும் பதம் வந்ததும் உரலில் இடித்துச் சல்லடையில் தெள்ளி, ஈரமற்ற போத்தலில் இறுக மூடி வைக்கலாம். விற்றமின் சி போய்விடும். இரும்பும் கல்சியமும் புரதமும் நிற்கும். பிள்ளையின் கஞ்சிக்கோ பருப்புக்கோ இறக்கும் நேரத்தில் ஒரு தேக்கரண்டி போட்டு, ஆறியதும் இரண்டு துளி தேசிக்காய்ப் புளி விடுங்கள். கசப்பென்று பிள்ளை தள்ளினால் அரைக் கரண்டியில் தொடங்குங்கள். போத்தலின் மேல் இடித்த திகதியை எழுதி ஒட்ட மறக்க வேண்டாம்.